மீதம் கொண்டுவந்த கரிச்சான்

நெல்லிக்காட்டில் காய்க்குப் பஞ்சமே இல்லை. ஆனால் உவர்மண் ஒரு பிடிகூடக் கிடையாது. உவர்மண் நக்காத மானுக்குப் பால் வற்றிவிடும். பால் வற்றினால் கன்றுக்குக் கால் ஊன்றாது.

ஆற்றுக்கு அக்கரையில் உவர்மலை இருந்தது. அடிவாரம் முழுக்க உவர்மண். அதற்குக் காவலும் அதிகாரமும் ஒரு கிழட்டுக் கரடி.

ஆகவே நெல்லிக்காட்டார் அங்கே ஒரு தூதரை வைத்தார்கள். அது ஒரு கரிச்சான். கறுத்த உடம்பு, பிளந்த வால், கூச்ச சுபாவம். சபையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தால் அதற்கு வார்த்தை வராது. ஆனால் வேலையில் படு கறார்.

தூதுச் செலவுக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு கூடை நெல்லிக்காய் கொடுத்தார்கள். முசு என்ற பெண் குரங்கு அதைச் சுமந்துபோய்க் கொடுக்கும்.

கரிச்சான் உவர்மலையின் ஊற்றங்கரையில் நின்ற வேங்கை மரத்தில் உட்கார்ந்துகொண்டது. தண்ணீருக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு காய் கொடுத்தது.

"கடித்துப் பாருங்கள், கரடியாரே!"

"ஐயையோ, நாக்கைப் பிடித்து இழுக்கிறதே!"

"கொஞ்சம் பொறுங்கள். இப்போது இரண்டு மிடறு தண்ணீர் குடியுங்கள்."

கரடி குடித்தது. அதன் முகம் மாறியது. "அட! இந்தத் தண்ணீர் இத்தனை நாளும் இப்படித் தித்தித்ததே இல்லையே!"

"தித்திப்பு எங்கள் காயில் இருக்கிறது, ஐயா. கூடைக்கு ஒரு கட்டி உவர்மண் கொடுத்தால் போதும்."

முதல் ஆண்டு இருநூற்றுப் பத்துக் கூடை விற்றது. இருநூற்றுப் பத்துக் கட்டி வந்தது. மாதிரிக்குக் கொடுத்தது ஒன்பது கூடை. மூன்று கூடை மீதம்.

"மீதத்தைத் திருப்பிக் கொண்டுபோகவா போகிறாய்?" என்று கேட்டது முசு. "அட அசடே! ஆற்றில் கொட்டு! இல்லையென்றால் எனக்குக் கொடு. மீதம் காட்டுகிறவனுக்கு அடுத்த வருஷம் அறுத்துவிடுவார்கள்!"

"அது காட்டின் காய், முசு அக்கா. கணக்கென்றால் கணக்குதான்" என்றது கரிச்சான்.

ஆண்டுச் சபை கூடியது. தலைவர் காட்டுப்பன்றி. களஞ்சியத்துக்குப் பொறுப்பு பெருச்சாளி. முதலில் மேற்குப் பெருங்காட்டுக்கு அனுப்பியிருந்த தூதரான மயில் வந்தது. அதற்கு ஆண்டுக்கு இருபது கூடை. ஒரு காய்கூட மீதமில்லை.

மான்கள் நிற்கும் வரிசையிலிருந்து செம்பி என்ற பெண்மான் கேட்டது. "மயிலாரே, அங்கே எத்தனை கூடை விற்றீர்கள்?"

"விற்பதா!" மயில் கழுத்தைச் சிலுப்பியது. "நான் தூதர், அம்மா. கூடைக்காரன் அல்ல! ஆடுகளத்தைச் செப்பனிட எட்டுக் கூடை கூலி. விருந்துக்குப் பன்னிரண்டு. பெருங்காட்டுப் புலியார் என் ஆட்டத்தைப் பார்த்து இரண்டு தடவை உறுமினார், தெரியுமா?"

"இரண்டு தடவையா!" என்று சபை ஆரவாரித்தது.

அடுத்துக் கரிச்சான் வந்தது. மூன்று கூடையைக் கீழே வைத்தது. "இது மீதம்" என்றது. மேலே சொல்ல வாய் வரவில்லை.

பெருச்சாளி மீசையைத் தடவிக்கொண்டது. "பார்த்தீர்களா தலைவரே! மயிலாருக்கு இருபது போதவில்லை. கரிச்சானுக்குப் பன்னிரண்டு கூடுதல். இங்கே மூன்றைக் குறைத்து அங்கே மூன்றைக் கூட்டுவோம்!"

"நியாயம்!" என்றது காட்டுப்பன்றி.

மறு ஆண்டு கரிச்சானுக்கு ஒன்பது கூடை வந்தது. அது ஒரு காயைப் பாதியாகப் பிளந்து இருவருக்குக் கொடுத்தது. அப்படியும் இரண்டு கூடை மிச்சம் பிடித்துத் திருப்பியது. சபை அந்த இரண்டையும் குறைத்தது. அதற்கடுத்த ஆண்டு ஏழில் ஒன்றைத் திருப்பியது. அதையும் குறைத்தார்கள். குறைந்ததெல்லாம் மயிலுக்கே போனது. இப்போது மயிலுக்கு இருபத்தாறு, கரிச்சானுக்கு ஆறு.

"இனி நீ எதைப் பிளப்பாய்? கொட்டையையா?" என்று கேட்டது முசு.

அந்த நேரத்தில் உவர்மலைக்கு ஒரு கிளி வந்து சேர்ந்தது. தெற்கே விளாங்காட்டின் தூதர். முப்பது கூடை விளாம்பழத்தோடு வந்து எதிர் மரத்தில் இறங்கியது.

"வாங்க கரடி மாமா! ஒன்று எடுங்க! வீட்டுக்கு நாலு எடுங்க!"

கரிச்சானின் கிளையில் அன்று பன்னிரண்டே காய் இருந்தது. ஊற்றுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக எதிர் மரத்துக்கு நகர்ந்தார்கள்.

கரிச்சான் ஆற்றைத் தாண்டிச் சபைக்குப் பறந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக வாய் திறந்து கேட்டது. "எனக்குப் பதினைந்து கூடை வேண்டும். இல்லையென்றால் உவர்மண் கிளியின் கைக்குப் போய்விடும்."

பெருச்சாளி சிரித்தது. "மூன்று வருஷம் மீதம் காட்டினவன் நீதானே? கொடுத்தது மிஞ்சுகிறது என்றாய். இப்போது போதவில்லை என்கிறாய். எந்தக் கணக்குப் பொய்?"

கரிச்சான், இரண்டு கணக்கும் மெய் என்று சொல்ல வந்து, சொல்லாமலே நின்றது.

காட்டுப்பன்றி கொட்டாவி விட்டது. "உவர்மண்தான் வந்துகொண்டே இருக்கிறதே! தானாக வருவதற்குத் தூதர் எதற்கு? அந்தக் கிளையைக் காலி செய்! ஆறு கூடையும் மயிலாருக்கு!"

செம்பி மட்டும் முன்னால் வந்தது. "தலைவரே, நான் சினையாக இருக்கிறேன். வரும் கோடையில் கன்று பிறக்கும். உவர்மண் நின்றுபோனால்?"

"நிற்காது, போ!" என்றது காட்டுப்பன்றி.

நின்றது. மழைக்காலம் முடிவதற்குள் இருநூற்றுப் பத்துக் கட்டி நாற்பதானது. கோடை தொடங்கியபோது ஒன்றும் வரவில்லை. நெல்லிக்காய் மலைமலையாகக் குவிந்து அழுகியது. செம்பிக்குக் கன்று பிறந்தது. மடியில் பால் இல்லை. கன்று எழுந்தது, விழுந்தது. பிறகு எழ முடியாமல் மூச்சிரைத்துக் கிடந்தது.

"கரிச்சான் தம்பி, ஒரு கட்டி போதும்" என்றது செம்பி. "நக்கினால் பால் ஊறும்."

சபையிலும் கூச்சல் எழுந்தது. "எல்லாம் கரிச்சானால் வந்த வினை! நம் காட்டின் பெருமையை அங்கே யாரும் எடுத்துச் சொல்லவில்லை!" என்றது பெருச்சாளி. உடனே மயிலை உவர்மலைக்கு அனுப்பினார்கள். நாற்பது கூடையைக் குரங்குகள் சுமந்தன. யாரும் அழைக்காமலே கரிச்சானும் பின்னால் பறந்தது.

மயில் ஊற்றங்கரையில் தோகையை விரித்தது. ஆடியது. சுற்றிச் சுற்றி ஆடியது. கரடி எழுந்து நின்று கை தட்டியது. பிறகு கூடையிலிருந்து ஒரு காயை எடுத்துக் கடித்தது.

"தண்ணீர்!" என்று கிளையிலிருந்து கத்தியது கரிச்சான். "தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், மயிலாரே!"

மயில் முகம் சுளித்தது. "யாரது, விழா நடுவில்? விரட்டுங்கள்!"

கூட வந்த குரங்குகள் கல்லெறிந்தன. விளாம்பழத்துக்குப் பழகி, தண்ணீர்ப் பக்குவத்தை மறந்துவிட்ட கரடி காயைத் துப்பியது. "தூ! கரிச்சான் கொடுத்தது தித்தித்ததே! இது வேறு காடோ?"

"எங்கள் ஆட்டத்துக்கு ஈடு உண்டா?" என்றது மயில்.

"ஆட்டம் நன்று" என்றது கரடி. திரும்பி நடந்தது.

போகிற வழியில் வேங்கை மரத்தடியில் கரடி நின்றது. "எங்கே போனாய், கரிச்சான்? காத்துக்காத்துப் பார்த்தேன். மூன்று மழைக்காலத்துக்குக் கிளியோடு பேசி முடித்துவிட்டேன். சொன்ன சொல்லை மாற்ற மாட்டேன்."

"ஒரு கட்டி மட்டும், ஐயா. விலைக்கு அல்ல. ஒரு கன்றுக்காக."

கரடி ஒரு கட்டியைக் காட்டியது. கரிச்சானின் அலகால் அதைத் தூக்க முடியவில்லை. முசுவும் பக்கத்தில் இல்லை. கரிச்சானுக்குக் கூடை போகாத ஆண்டில் முசுவுக்குச் சுமை ஏது? கரிச்சான் கட்டியில் கொத்தி, அலகு கொண்ட மட்டும் எடுத்தது. ஒரு சிட்டிகை. ஆற்றின் மேல் ஓரிடத்திலும் இறங்காமல் பறந்தது.

செம்பி நாவல் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. மூச்சு நின்றுபோன கன்றின் மேல் ஈ மொய்த்தது. செம்பி அதை நக்கி நக்கி ஈயை விரட்டிக்கொண்டிருந்தது.

கரிச்சான் உவர்மண்ணைக் கன்றின் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் வைத்தது. செம்பி அதைப் பார்த்தது. நக்கவில்லை.

தூரத்தில் சபையின் ஆரவாரம் கேட்டது. மயில் திரும்பி வந்திருந்தது. "கரடியார் எழுந்து நின்று கை தட்டினார்!" என்றது. அடுத்த ஆண்டுக்கு ஐம்பது கூடை என்று முடிவானது.

கேட்காதவனின் சிக்கனத்தைத் தண்டித்து, காட்டிக்கொள்பவனின் ஊதாரித்தனத்துக்கு அள்ளிக் கொடுக்கும் நாடு, வெளியே தனக்குத் திறந்திருந்த வாசலைத் தானே அடைத்துக்கொள்கிறது. அதற்கான விலையைச் சபையில் இருப்பவர்கள் கொடுப்பதில்லை.