டீச்சர் வாயில் ஒரு மடக்குத் தண்ணீர்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று. சிஷ்யைக்கு ஐம்பத்து மூன்று. அதனால் சிஷ்யை குருவைத் 'தம்பி' என்பார், குரு சிஷ்யையை 'டீச்சர்' என்பார். அவர்களுக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. உங்களுக்கும் வேண்டாம்.

விளாத்திகுளம் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளி. சிஷ்யை அமலோற்பவம் டீச்சர் அங்கே மூன்றாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறார். அன்று பெற்றோர் கூட்டம். பிள்ளைகள் வாயிலிருந்து நாலு வார்த்தை இங்கிலீஷ் வராவிட்டால் டி.சி. வாங்கிக்கொண்டு டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுவோம் என்று பாதிப் பேர் சொல்லியிருந்தார்கள். அதில் முத்துராக்கு என்பவர் மனுவே எழுதி, நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். பாதிப் பிள்ளைகள் போய்விட்டால் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுதான். டீச்சருக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் பக்கத்து ஊர் வாத்தியார் சாதிக்கை வரச்சொல்லியிருந்தார். சாதிக்கின் வகுப்புப் பிள்ளைகள் சண்டையே இங்கிலீஷில்தான் போடுமாம்.

"ஏழு மாசமாத் தொண்டை கிழியக் கத்துறேன், தம்பி. முழுப் பாடமும் கடகடன்னு ஒப்பிக்குதுங்க. ஒரு கேள்வி கேட்டா மட்டும் என் மூஞ்சியவே பாக்குதுங்க. எங்க தப்பு?"

"பாடம் எடுங்க டீச்சர். பாக்கிறேன்."

டீச்சர் வகுப்புக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். பெற்றோர் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஓப்பன் யுவர் புக். புத்தகத்தைத் திறங்க."

திறந்தார்கள்.

"ஸ்டாண்ட் அப். எந்திரிங்க."

எழுந்தார்கள். இங்கிலீஷுக்கும் தமிழுக்கும் நடுவில் ஒரு கொசு நுழைய இடமில்லை. இங்கிலீஷ் வரும்போது பிள்ளைகள் ஓட்டிலிருந்த பல்லியைப் பார்த்தார்கள். தமிழ் வந்ததும் டீச்சர் பக்கம் திரும்பினார்கள்.

சாதிக் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"ஒரே ஒரு தடவை இங்கிலீஷ்ல சொல்லுங்க. சொன்ன கையோட ஒரு மடக்கு வாயில ஊத்திக்கோங்க. நான் சொல்றவரைக்கும் முழுங்கக் கூடாது."

"பெத்தவங்க பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. இப்பவா தம்பி?"

"இப்பத்தான்."

டீச்சர் மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டார். "ஓப்பன் த டோர்" என்றார். வாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்.

பிள்ளைகள் தமிழுக்காகக் காத்திருந்தார்கள். தமிழ் வரவில்லை. டீச்சரின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன.

"டீச்சருக்குப் பல்லுவலி" என்றான் ஒருவன்.

டீச்சர் இல்லையென்று தலையாட்டினார். ஒரு பெண் மெல்ல எழுந்து அலமாரியைத் திறந்தாள். அதற்கும் தலையாட்டல். இன்னொருவன் டிபன் பாக்ஸைத் திறந்தான். பின்வரிசையில் ஒருவன் பையைத் திறந்தான், இன்னொருவன் சாக்பீஸ் டப்பாவை. இல்லை, இல்லை. வகுப்பே எழுந்துவிட்டது. பெஞ்சுக்குப் பெஞ்சு கிசுகிசு, தள்ளுமுள்ளு. பல்லியை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை. டீச்சருக்கோ அந்த ஒரு தமிழ் வார்த்தை நாக்கு நுனியில் நின்று துடித்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"முழுங்காதீங்க" என்றார் சாதிக்.

ஜன்னலில் முத்துராக்குவுக்குப் பொறுக்கவில்லை. மகளைப் பார்த்து, "ஏட்டி மாரிக்கனி, கத..." என்று ஆரம்பித்தார்.

மாரிக்கனி சட்டென்று திரும்பினாள். ஏழு மாதமாக இங்கிலீஷ் வகுப்பில் வாயைத் திறக்காத பிள்ளை அது.

"நோ அப்பா! நோ டெல்! ஐ... ஐ ஓப்பன்!"

ஓடிப்போய் எக்கித் தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு திறந்தது. ஜன்னலை விட்டு வாசலுக்கு ஓடி வந்த முத்துராக்குதான் முதலில் உள்ளே வந்தார். டீச்சருக்குச் சிரிப்புப் பீறிட, வாயிலிருந்த தண்ணீர் மொத்தமும் அவர் சட்டைமேல்.

பிள்ளைகளுக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. டீச்சரைச் சுற்றிக்கொண்டு, "டீச்சர், ஒன் மோர்! மீ, மீ! கிவ் மீ ஒன்!" என்று சேலையைப் பிடித்து இழுத்தார்கள்.

"ஐயோ, மன்னிச்சிக்கிடுங்க" என்றார் டீச்சர்.

முத்துராக்கு சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். "மனு ஊறிப்போச்சு. ஊறட்டும், விடுங்க" என்றார். பிறகு மகளைப் பார்த்தார். "என்னையவே சும்மா இருங்குது கழுதை." சொல்லும்போதே அவர் முகமெல்லாம் பல்.

அன்றைக்கு ஒருவரும் டி.சி. கேட்கவில்லை. ஒரு மடக்கு ஒரு மடக்காகப் பாட்டில் காலியானதுதான் மிச்சம்.

சாயங்காலம் சாதிக்கை வழியனுப்ப டீச்சர் பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தார். தொண்டை கட்டவில்லை. குதிக்கவேண்டும்போல் இருந்தது, வயதை நினைத்து அடக்கிக்கொண்டார். ஒரு கேள்வியை மட்டும் அடக்க முடியவில்லை.

"கத்திக் கத்திச் சொல்லிக்குடுத்தப்ப வராத இங்கிலீஷ், நான் வாயை மூடினதும் எங்கிருந்து தம்பி வந்துச்சு?"

டவுன் பஸ் நிறைகூட்டமாக வந்து நின்றது. சாதிக் படியில் ஒரு கால் வைத்துத் திரும்பினார்.

"ஏழு மாசமா உங்க பஸ்ல நின்னுக்கிட்டேதான் வந்துச்சு, டீச்சர். நீங்க இன்னைக்குத்தான் சீட்டை விட்டு எந்திரிச்சீங்க."