ஈயம் போன உருளி

"அம்மா, இந்தக் கையை வெட்டிப் போட்டா பாவம் தீருமா?"

ஆறுமுகநயினார் கேட்டது இதுதான். மடத்துக்கு வந்த முதல் நாளும் இதையே கேட்டார். பதினாலு மாதம் கழித்தும் இதையே கேட்டார்.

மலையடிவாரத்து மடம் அது. தலைவி செண்பகவல்லி அம்மைக்கு வயசு முப்பத்தெட்டு, சீடருக்கு அறுபது. ஆனாலும் அவர் அவளை அம்மா என்பார், அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

இந்தத் தடவை கேட்டபோது அம்மை வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எழுந்து, அரிவாள்மணையை அவர் பக்கம் தள்ளினாள்.

"கை அப்புறம். முதல்ல வாழைக்காயை வெட்டுங்க."

அவர் இரண்டடி பின்னால் போனார்.

வந்த நாளிலிருந்து மனுஷன் அடுப்படிக்குள் கால் வைத்ததில்லை. கிணற்றில் தண்ணீர் இறைப்பார், மாட்டுத்தொழுவம் கூட்டுவார். கரண்டியை மட்டும் தொடமாட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. சொல்லவே நாக்குக் கூசுகிறது, சொல்லாமலும் முடியாது.

பெண்டாட்டி செத்தபிறகு ஒரே மகள் பிரமுவைச் சமைத்துப் போட்டு வளர்த்தவர் அவர். அவர் வீட்டில் குழம்பு கொதித்தால் பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணம் வரும். அப்படி ஒரு கைப்பக்குவம்.

மகளுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். ஏழு வகைச் சோறும் பெற்ற தாய் கையால் ஆகவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தாய் இல்லாவிட்டால் என்ன, நான் இல்லையா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினார்.

பரணில் கிடந்த பித்தளை உருளியை எடுத்தார். புழங்குகிற பித்தளைக்கு உள்ளே ஈயம் பூசியிருக்கும், அதனால் உட்புறம் வெள்ளையாய் மங்கித்தான் தெரியும். இவருக்கு அந்த மங்கல் அழுக்காகப் பட்டது. மகளுக்கு ஆகிற சமையலில் ஒரு பொட்டு அழுக்கு இருக்கலாமா?

புளியும் செங்கல்பொடியும் போட்டு இரண்டு நாள் தேய்தேய் என்று தேய்த்தார். உருளி உள்ளேயும் தங்கமாய் மின்னியது. பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

போனது அழுக்கு இல்லை. மிச்சமிருந்த ஈயம்.

அதில்தான் புளிக்காய்ச்சல் காய்ச்சினார். நன்றாக ஊறட்டும் என்று மறுநாள்வரை அதிலேயே விட்டுவைத்தார். வெறும் பித்தளையில் புளி கிடந்தால் களிம்பு ஏறி விஷமாகும். இத்தனை வருஷம் சமைத்தவருக்கு அது தெரியாதா? தெரியும். ஈயம் போனதுதான் தெரியவில்லை.

புளியோதரையைப் பிரமு இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மற்றவர்கள் வாந்தியோடு தப்பித்தார்கள். அவள் வயிற்றுப் பிள்ளை தப்பவில்லை.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. மகளுக்குத் துணையாகத் தன் தங்கையை வீட்டில் வைத்துவிட்டு, பாவம் தொலைக்க மடத்துக்கு வந்துவிட்டார். வந்தவரை அம்மை ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் இறைக்கச் சொன்னாள்.

அரிவாள்மணையைத் தள்ளிவிட்ட அன்று மத்தியானம் பந்தி நடந்தது. இலையில் சோறு விழுந்தது. ஆறுமுகநயினார் பிசையக் கை வைக்கும்முன் அம்மை எதிரே வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, உங்க மக இன்னிக்கு என்ன சாப்பிட்டா?"

தெரியாது என்றார்.

"நேத்து?"

அதுவும் தெரியாது. பதினாலு மாதத்தில் ஒரு கடுதாசி இல்லை, ஒரு போன் இல்லை. எந்த முகத்தோடு பேச என்று இருந்துவிட்டார். தன் பாவத்தை நினைக்கவே அவருக்குப் பொழுது சரியாக இருந்தது.

அம்மை குனிந்து அவர் இலையைச் சோற்றோடு சுருட்டி எடுத்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுக்கிட்டு வந்து சாப்பிடுங்க."

பந்தி முழுக்கப் பார்த்தது. அறுபது வயசு மனுஷன் வெறும் வயிற்றோடு பஸ் ஏறினார்.

வீட்டுக் கதவைத் திறந்த தங்கை வாசலிலேயே வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவருக்கு அது வேண்டியதுதான். பிறகு அழுதாள். அழுதுகொண்டே சொன்னாள். அன்றையிலிருந்து பிரமு சமைத்தது எதையும் தொடுவதில்லையாம். தோலோ ஓடோ மூடியிருந்தால்தான் தின்கிறாளாம். வாழைப்பழம், ஓடு உடைக்காத அவித்த முட்டை, தை மாதம் பனங்கிழங்கு, இப்போது சித்திரையில் நுங்கு. அதையும் அவளேதான் உரிக்கவேண்டும். மாப்பிள்ளை மூன்று தடவை வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனார். டாக்டர் இப்படியே போனால் தாங்காது என்றுவிட்டார்.

பிரமு உள்ளேயிருந்து வந்தாள். கை வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது.

பதினாலு மாதமாக அவர் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவைத்த மன்னிப்பு ஒன்று இருந்தது. கஞ்சி வைத்துத் தரட்டுமா என்று மட்டும் கேட்டார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"புளிக்குழம்பு வையுங்க."

வேண்டாம்மா என்று சொல்லப் பார்த்தார். அவள் அதற்குள் அடுப்படி வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை எடுத்து நாலு தடவை கழுவினார். கடுகைப் போடும்போது பாதி கீழே சிந்தியது. புளியைக் கரைத்து ஊற்றும்போது அவருக்குக் கண் மறைத்தது. பிரமு கண்ணை எடுக்கவில்லை. அவர் உப்பைத் தொட்டாலும் பார்த்தாள், கரண்டியைத் திருப்பினாலும் பார்த்தாள்.

சோற்றில் குழம்பை ஊற்றி அவள் முன்னால் தட்டை வைத்தார்.

"நீங்க சாப்பிடுங்கப்பா."

தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். காலையிலிருந்து பட்டினி. ஆனாலும் ஒவ்வொரு வாயும் இறங்க நேரமானது.

பிரமு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஒரு மணி நேரம் இங்கேயே இருங்க. அப்புறம் நான் சாப்பிடுறேன்."