மணவறைக்குள் வந்த போர் விமானம்

நவம்பர் மாசம் வந்தாப் போதும், பென்சன் வாங்கற நாங்க எல்லாரும் பேங்குக்குப் போயி, 'நான் இன்னும் உசுரோடதான் இருக்கேன்'னு கையெழுத்துப் போட்டுட்டு வரோணும். இந்த வருசம் சூலூர்ல நான் போயி உட்கார்ந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் படுத்துருச்சு. "அரை மணி நேரம் ஆகுமுங்க"ன்னு சொல்லிட்டு, தாரணிங்கிற அந்த பேங்குப் பொண்ணு டீ குடிக்க ஆரம்பிச்சிருச்சு.

எனக்கு அடுத்த நாற்காலியில ரிட்டயர்டு விங் கமாண்டர் தெய்வசிகாமணி. அவருக்கு அந்தப் பக்கம் அவரு சம்சாரம் கோகிலாமணி அக்கா, அவரோட ஃபாரத்தை நிரப்பிட்டு இருந்தாங்க. நான் மயில்சாமி, ராணுவத்துல இருபத்திரண்டு வருசம் லாரி ஓட்டுனவன். அரை மணி நேரம்னு காதுல விழுந்ததும் விங் கமாண்டர் மீசையைத் தடவுனாரு. சரி, மாட்டிக்கிட்டோம்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு.

"மயில்சாமி, நீ லாரியை என்ன வேகத்துல ஓட்டுவே?"

"மலைப்பாதையில இருபதுங்க சார்."

"இருபது. நான் ஓட்டுன விமானம் என்ன வேகம்னு கேளு."

நான் கேக்கலை. கேக்காட்டியும் சொல்லுவாரு.

"எண்பத்தி மூணுல அஸ்ஸாம் மேல பறக்கறப்ப ஒரு தும்மல் போட்டேன். அந்தச் சத்தம் போன தீபாவளிக்குத்தான் சூலூருக்கு வந்து சேர்ந்துச்சு. பக்கத்து வீட்டுக்காரன் ஏதோ லட்சுமி வெடின்னு நெனச்சுப் பையனைத் திட்டிட்டு இருந்தான். நான்தான் போயி, 'அது என்னோடதுப்பா'ன்னு சொல்லிட்டு வந்தேன்."

"நாப்பது வருசமா அந்தத் தும்மல் எங்க சார் சுத்திட்டு இருந்துச்சு?"

"குறுக்க பேசாதே. விமானத்தை வேகமா வளைச்சா நம்ம எடை ஒம்போது மடங்கு ஆயிரும், தெரியுமல்லோ? நான் அறுபது கிலோ. வளைச்சா ஐநூத்தி நாப்பது. மீசை மட்டும் தனியா ரெண்டு கிலோ. அது தொங்கிப் போயி பட்டன் மேல எல்லாம் படும். அதைத் தூக்கிப் புடிக்கறதுக்குன்னே பின்னாடி சீட்டுல ஒரு ஆளைப் போட்டிருந்தாங்க."

"மீசை புடிக்க ஆளா?"

"ஒம்போது மாசம் ட்ரெயினிங் அவனுக்கு. நல்ல பையன். பஞ்சாப்காரன்."

அக்கா தலையைத் தூக்காமலே, "ஏனுங்க, பொறந்த தேதி இருவத்தி ஒண்ணா, ரெண்டா?"ன்னு கேட்டாங்க.

"ரெண்டு, அம்மிணி." அவரு மறுபடியும் என் பக்கம் திரும்புனாரு. "ஆனா மயில்சாமி, இந்தப் பொழப்புல ஒரு கொடுமை இருக்குது. மேல போனா நாமதான் ராசா. மேகத்துக்கு மேல சூரியன் உதிக்கறதைத் தனியா உட்கார்ந்து பார்க்கறப்ப, இதுக்குக் காசு வேற தர்றாங்களேன்னு எனக்கே கூச்சமா இருக்கும். கீழ எறங்குனா, மூணு நாள் லீவுக்கு ஆபீஸ் ஆபீஸா அலையோணும். நாட்டோட எல்லையை நம்பி நம்ம கையில குடுப்பாங்க. லீவு குடுக்க மாட்டாங்க."

இது நெசம். லாரிக்காரனுக்கும் அதே கதைதான், அதனால நான் தலையாட்டுனேன். அதுதான் தப்பாப் போச்சு. தலையாட்டுனதும் அவரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டாரு.

"என் கல்யாணத்தையே எடுத்துக்க. வைகாசி மாசம், ஒம்போதுல இருந்து பத்தரை முகூர்த்தம், இங்க பல்லடம் ரோட்டு மண்டபத்துல. நான் இருக்கறது அஸ்ஸாம்ல. லீவுக்கு எழுதிப் போட்டேன். காரணம்: சொந்தக் கல்யாணம். திரும்பி வந்துச்சு. 'விண்ணப்பதாரர் இந்த நிகழ்ச்சியில் நேரில் இருப்பது அவசியமா?' அவசியம்னு எழுதுனேன். மறுபடி வந்துச்சு. 'வேறு அதிகாரியை அனுப்ப இயலுமா?'"

தாரணிக்கு டீ புரையேறிருச்சு.

"சிரிக்காதே கண்ணு. இங்க நெலமை என்னன்னா, இவளுக்கு மாமன் பையன் ஒருத்தன் இருந்தான், நாச்சிமுத்துன்னு. முறை மாப்பிள்ளை. பத்தரைக்குள்ள நான் வரலைன்னா அவனைத் தூக்கி மணவறையில உட்கார வெச்சுருவேன்னு எங்க மாமனாரு சொல்லிட்டாரு. அவன் பட்டு வேட்டியெல்லாம் கட்டி முதல் வரிசையில தயாரா இருக்கான். கெடைச்சா இவ, தப்புனா காலத்துக்கும் மனசு ஆறாது. நான் என்ன பண்ணுவேன்?"

"என்ன பண்ணுனீங்க?"

"அன்னைக்குக் காலையில ரிப்பேர் பார்த்த விமானம் ஒண்ணைச் சும்மா ஒரு சுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னாங்க. நோட்டுல கையெழுத்துப் போட்டு வாங்குனேன். அந்தச் சுத்தைக் கொஞ்சம் பெருசா சூலூர் வழியா சுத்துனேன், அவ்வளவுதான்."

"பெட்ரோல் பத்துமா சார்?"

"வங்காள விரிகுடா மேல தீந்து போச்சு. நல்ல வேளையா ஒரு புயல் தெக்க பார்த்துப் போயிட்டு இருந்துச்சு. அது முதுகுல ஏறி உட்கார்ந்துட்டேன். ஆந்திரா மேல வர்றப்ப கீழ மொளகா காய வெச்சிருக்காங்க. அந்த நெடி எஞ்சினுக்குள்ள போயி, எஞ்சின் நாலு இருமல் இருமுச்சு. ஒவ்வொரு இருமலுக்கும் நூறு மைல். பெட்ரோல் இல்லாமலே கரூர் தாண்டிட்டேன்."

"அப்புறம் ரோட்டுலயே எறங்கிட்டீங்களாக்கும்."

"வேற எங்க எறங்க? ஆனா எறங்குன எடத்துல எனக்கு முன்னால ஒரு டவுன் பஸ். வழி விட மாட்டேங்கறான். அவன் நிக்கற ஸ்டாப்புல எல்லாம் நானும் நின்னேன். சனம் ரெக்கை மேல ஏறிக்கிச்சு. கோழிக் கூடையோட ஒரு ஆத்தா வால் மேல உட்கார்ந்துருச்சு. கண்டக்டர் எறங்கி வந்து எனக்கு டிக்கெட் கிழிச்சுக் குடுத்தான். விமானத்துக்குத் தனியா லக்கேஜ் போட்டான். மண்டபம் வந்து சேர்றப்ப மணி பத்து பத்து."

"இருபது நிமிசம் இருக்குது, எறங்கி ஓட வேண்டியதுதானே?" தாரணி டீயைக் கீழ வெச்சுட்டு எங்க பக்கமா வந்து நின்னுக்கிச்சு.

"அங்கதான் கண்ணு சிக்கல். கையெழுத்துப் போட்டு விமானத்தை எடுத்தா அது நம்ம பொறுப்பு. திருப்பி வாங்கிக்கிட்டேன்னு இன்னொருத்தன் கையெழுத்துப் போடற வரைக்கும் அதை விட்டு நகரக் கூடாது. கேளு இவனை."

"வண்டிக்கும் அப்படித்தான்"னு நான் சொன்னேன். அந்தக் கதையில அது ஒண்ணுதான் சாட்சி சொல்ல முடிஞ்ச விசயம்.

"அதனால விமானத்தோடயே உள்ள போனேன். வாசல்ல கட்டியிருந்த வாழை மரம் ரெண்டும் ரெக்கையில மாட்டிக்கிச்சு, பார்க்க லட்சணமாத்தான் இருந்துச்சு. மூக்கை மணவறையில கொண்டு போயி நிறுத்துனேன். தாலி எடுத்துக் குடுக்கற அருமைக்காரரு எங்க பெரியப்பாரு. அவரு, 'மாப்பிள்ளை பலகை மேல உட்காரோணுமப்பா'ன்னாரு. பலகையைத் தூக்கி சீட்டுல போட்டோம். இவ பந்தல்காரனோட ஏணியை வெச்சு ஏறி வந்தா. பத்து இருவத்தி ஒம்போதுக்குத் தாலி கட்டுனேன். நாச்சிமுத்து அழுதுட்டான்."

"அப்புறம் மணவறையைச் சுத்தோணுமே?"

"சுத்துனேன். எஞ்சினைப் போட்டு மூணு சுத்து. முதல் சுத்துல வந்திருந்த ஒறம்பரை சனத்தோட தலைப்பா எல்லாம் பறந்துச்சு. ரெண்டாவது சுத்துல பந்தியில இருந்த எலை பறந்துச்சு. மூணாவதுல ரசம் அண்டாவோட கிளம்பித் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி வாசல்ல எறங்குச்சு. இன்னைக்கும் அந்தக் கம்பெனி பனியன்ல சீரக வாசம் வரும்."

"விமானம் என்ன ஆச்சு சார்?"

"எங்க மாமனாரு கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டாரு. 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.' நான் சாப்பிடப் போயிட்டேன். ஒரு வாரம் கழிச்சு ஆபீசருங்க வந்து திருப்பிக் கேட்டாங்க. 'மாப்பிள்ளை வீட்டுச் சீரா வந்ததுங்க, திருப்பிக் குடுத்தா மரியாதை இல்லீங்க'ன்னு முடியாதுன்னுட்டாரு. எஞ்சினைக் கழட்டிக் கெணத்துல மாட்டுனாரு. ஒரே மணி நேரத்துல பதினாறு ஏக்கரும் பாஞ்சுது. மறுநாள் பக்கத்து ஊர் கெணத்துத் தண்ணியெல்லாம் இங்க வந்துருச்சு. அந்த வருசம் எங்க கரும்பு அத்தனை உசரம். அது மேல இடிச்சுக்கக் கூடாதுன்னு விமானமெல்லாம் வழி மாத்திப் போச்சு."

தாரணி வயித்தைப் புடிச்சுட்டு உட்கார்ந்துருச்சு. எனக்கும் சிரிப்புத் தாங்கலை. ஆனாலும் இந்த மனுசனை ஒரு தடவையாவது மடக்கோணும்னு தோணுச்சு.

"அக்கா, நீங்க சொல்லுங்க. பொண்ணு நீங்கதானே? இதுல எவ்வளவு நெசம்?"

அக்கா பேனாவை மூடி வெச்சாங்க.

"லீவு கெடைக்காதது நெசம் தம்பி. முகூர்த்தத்தன்னைக்கு எட்டு மணிக்கு, இவரு ரெண்டு நாளைக்கு முன்னால அடிச்ச தந்தி வந்துச்சு. 'லீவு இல்லை, முயற்சி செய்கிறேன்'னு. எங்கய்யன் அதைப் படிச்சுட்டு நாச்சிமுத்து மாமனை வேட்டி மாத்திட்டு வரச் சொல்லிட்டாரு. நான் காய் போட்டு வெச்சிருந்த ரூமுக்குள்ள போயி உள்ள தாப்பாப் போட்டுக்கிட்டேன்."

விங் கமாண்டர் மேல சுத்தற ஃபேனைப் பார்த்துட்டு இருந்தாரு.

"எவ்வளவு நேரங்க அக்கா?"

"ரெண்டு நாள். பூசணிக்காய் மேல உட்கார்ந்துட்டு. எங்கய்யன் கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப் போச்சு. காய் பூராவும் உள்ள என்கிட்ட இருந்துச்சா, ஒறம்பரைக்கு ரெண்டு நாளும் வெறும் பருப்பும் மோரும்தான். பாதிப் பேரு கோவிச்சுட்டுப் போயிட்டாங்க. எனக்கு ஜன்னல் வழியா மோர் குடுத்ததே நாச்சிமுத்து மாமன்தான், பாவம். மூணாம் நாள் மத்தியானம் எப்படியோ லீவு வாங்கிட்டு இவரு ரயில்ல வந்து எறங்குனாரு. சட்டையெல்லாம் கரி. நான் கதவைத் தொறந்தேன். ராகு காலம்னு அருமைக்காரரு எவ்வளவோ சொன்னாரு. எனக்கு அதெல்லாம் காதுலயே ஏறலை. கட்டுங்கன்னுட்டேன்."

தாரணி சிரிக்கறதை நிறுத்திருச்சு. இருபத்திரண்டு வருசம் லீவுக்கு அலைஞ்சவன் நான். என் வீட்டுக்காரி நெனப்பு வந்துருச்சு.

"இவ்வளவு பெரிய சமாச்சாரத்தை வெச்சுக்கிட்டு, இவரு இந்த விமானக் கதையைச் சொல்றதை எதுக்குங்க அக்கா கேட்டுட்டு சும்மா இருக்கறீங்க?"

அக்கா ஃபாரத்தை அவரு பக்கம் நகத்தி, கையெழுத்துப் போடற எடத்தை வெரலால காட்டுனாங்க. அவரு வாங்கிப் போட்டாரு.

"முப்பத்தெட்டு வருசமாக் கேட்டுட்டுத்தான் இருக்கேன் தம்பி. ஒரு தடவை புயல் மேல வருவாரு, ஒரு தடவை கழுகு இழுத்துட்டு வரும். எதுல வந்தாலும் பத்தரைக்குள்ள வந்துருவாரு. கதையிலயாவது நேரத்துக்கு வந்து சேரட்டும்னு நானும் விட்டுட்டேன்."