சுபத்துக்குப் பிறகு

ஆற்றங்கரைப் பாடசாலையில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் திருமேனி. குருவைவிட வயதில் மூத்த சீடர். ஒருநாள் வந்து குருவின் எதிரே உட்கார்ந்தார்.

“சாமி, செங்கமலத்தோட வைத்திய வகுப்பு முடிஞ்சும் பிள்ளைங்க கிணத்தடி வரைக்கும் அவ பின்னாலேயே போறாங்க. நாகலிங்கம் பாட்டு சொல்லிக்கொடுத்தாலும் அப்படித்தான். என் வகுப்பு முடிஞ்சா சிட்டா பறந்துடறாங்க. ஒரே ஒரு பிள்ளையாவது நின்னு ஏதாவது கேக்காதான்னு மனசு ஏங்குது.”

“அவங்க எப்படிச் சொல்லிக்கொடுக்கறாங்கன்னு கேக்கலாமே?”

“எனக்கு மருந்தும் தெரியாது, பாட்டும் வராது. கேட்டு என்ன பண்ண?”

“மூணு பேருக்கும் எழுத வரும். சேர்ந்து ஒரு கதை எழுதுங்க. ஒருத்தர் முடிச்ச சொல்லுல அடுத்தவர் தொடங்கணும்,” என்றார் குரு.

ஏட்டை முதலில் வாங்கியவள் செங்கமலம். ‘விடிந்தபோது துறையில் ஓடம் இல்லை, முளையில் மிச்சம் ஈரக் கயிறு’ என்று எழுதினாள்.

நாகலிங்கம் தொடர்ந்தார். ‘கயிற்றைத் தொட்ட ஓடக்காரனுக்கு அக்கரையிலிருந்து கேட்டது ஒரு குரல்.’

திருமேனி யோசிக்கவே இல்லை. ‘குரல் வந்த இடத்தில் ஓடம் இருந்தது. ஓட்டி வந்தார்கள். சுபம்.’

செங்கமலம் ஏட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “சுபத்துக்கு அப்புறம் நான் எங்க போறது அண்ணே?”

“ஓடம் கிடைக்க வேண்டாமா?”

“கிடைக்கட்டும். அதுக்குள்ள என்ன அவசரம்? வகுப்புல நான் பிள்ளைங்க விரலை நாடி மேல வச்சுட்டு விட்டுடுவேன். நோய் என்னன்னு மறுநாள்தான் சொல்லுவேன்.”

நாகலிங்கம் சிரித்தார். “கடைசி அடியை நான் அன்னைக்குப் பாடவே மாட்டேன். வீடு போற வரைக்கும் முனகிக்கிட்டே இருப்பாங்க.”

திருமேனியின் முகம் வாடியது. “சின்ன வயசுல விடை வராம அழுதவன் நான். என் பிள்ளைங்க தவிக்கக் கூடாதுன்னுதான் சொல்லிடறேன்.”

செங்கமலம் ஏட்டை அவர் பக்கமே தள்ளி வைத்தாள். திருமேனி அதை முதலிலிருந்து படித்தார். பிறகு தன் வரிகளை அடித்துவிட்டு எழுதினார். ‘குரல் வந்த இடத்தில் ஓடம் இல்லை, மணலில் இருந்தது ஈரக் காலடி.’

செங்கமலம் பிடுங்காத குறையாக ஏட்டை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் மாலை திருமேனி குருவிடம் வந்தபோது கண் கலங்கியிருந்தது.

“காலையில கணக்கைப் பாதியில நிறுத்தினேன் சாமி. விடை நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். மணி அடிச்சதும் எல்லாரும் ஓடிட்டாங்க. இன்னைக்கும் யாரும் நிக்கல.”

“இப்ப எந்த வழியா வந்தீங்க?”

“வாசல் வழியாத்தான்.”

“மத்தியானத்துலேர்ந்து பிள்ளைங்க அந்த வாசல் மணல்ல உக்காந்து உங்க கணக்கைத்தான் போட்டுப் போட்டு அழிச்சுக்கிட்டிருந்தாங்க. இப்பதான் ஆத்துக்குக் குளிக்கப் போனாங்க, திரும்பி வருவாங்க. நீங்க அதை மிதிச்சுக்கிட்டு வந்திருக்கீங்க,” என்றார் குரு. “போறப்ப ஓரமா நடந்து போங்க.”