வத்தம் பார்த்தவள்

மாசாணத்துக்கு இருந்தது ஒரே கேள்விதான். சாயங்காலம் ஆனால் போதும், செருப்பை மாட்டிக்கொண்டு மலையடிவாரத்துச் சாமியாரிடம் கிளம்பிவிடுவார். வருஷக்கணக்காக இதே கதை.

"ஒரு சனத்தை இன்ன சனம்னு ஆக்குறது எது சாமி? பொறப்பா, மண்ணா, பேச்சா, இல்ல பழக்கவழக்கமா?"

சாமி வயதில் இளையவர். மாசாணத்துக்கு ஒரு மகன் இருந்திருந்தால் அந்த வயசு இருக்கும். கேள்வியைக் கேட்டதும் சிரிப்பார். ஒருநாள் கதை சொல்வார், ஒருநாள் கீரை ஆயச் சொல்வார். மாசாணம் அதையே அசைபோட்டுக்கொண்டு இருட்டின பிறகு வீடு திரும்புவார்.

இப்படி ஒரு கேள்வி அவரைப் பிடித்து ஆட்டியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அவருடையது கடலோரத்துச் சனம். ஊரைக் கடல் கொண்டுபோய்விட, மூட்டைமுடிச்சோடு இந்த மலையடிவாரத்தில் வந்து குடியேறியவர்கள். வலையும் போச்சு, தோணியும் போச்சு. இப்போது சோளம் விதைக்கிறார்கள். பேச்சுகூட மாறிவிட்டது. ஒன்றை மட்டும் விடவில்லை. யார் செத்தாலும் கடல் வற்றுகிற நேரம் பார்த்துத்தான் பாடையைத் தூக்குவார்கள். அந்த நேரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் வத்தம். தண்ணீர் உள்வாங்கும்போது தூக்கினால் உயிரும் கூடவே போய்ச் சேர்ந்துவிடுமாம். ஏற்றத்தில் தூக்கினால் கரையிலேயே கிடந்து அல்லாடுமாம்.

கடல் எங்கேயோ கிடக்கிறது, இவர்கள் எங்கேயோ கிடக்கிறார்கள். அதனால் என்ன? நிலாவின் போக்கை வைத்துக் கணக்குப் போட்டால், அங்கே இப்போது ஏற்றமா வத்தமா என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம். சொல்ல ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு பங்குனி மாதக் காலையில் மாசாணத்தின் மனைவி சடைச்சி செத்துப்போனாள். உலை வைத்துவிட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. உலை கொதித்து அடங்கிய பிறகுதான் மாசாணம் உள்ளே போய்ப் பார்த்தார். பாவி மனுஷன், அவள் தோளைப் பிடித்து உலுக்கி உலுக்கி, பிறகு அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

சடைச்சி மலைக்காரி. கல்யாணம் ஆகித்தான் இந்த ஊருக்கு இறங்கி வந்தாள். கடலைக் கண்ணால் பார்த்தவள் இல்லை.

ஊர்த்தலைவர் வலம்புரியான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் முறை என்று வந்துவிட்டால் அசையமாட்டார்.

"மனசைத் தேத்திக்கப்பா. வெயில் ஏறுறதுக்குள்ள எடுத்துரலாம்."

"வத்தம் பாக்க வேண்டாமாண்ணே?"

"அது நம்ம சனத்துக்குல்ல? கடலுக்கும் இந்தப் பொண்ணுக்கும் என்ன இருக்கு? நம்ம மயானத்துலயும் வைக்க முடியாது. அவங்க ஆளுங்க கிட்டச் சொல்லிவிட்டிருக்கு. வந்து கொண்டுபோகட்டும்."

சடைச்சியின் அண்ணன் வந்தார். தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டு கதறினார். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"எங்க மலையில இடம் கெடையாது மச்சான். வெளியாளைக் கட்டிக்கிட்டுப் போற பொண்ணுக்கு அன்னைக்கே ஒரு குழி வெட்டி, அவ பானையைப் போட்டு மூடிருவோம். சடைச்சிக்கும் மூடியாச்சு. ஒருத்திக்கு ரெண்டு குழி வெட்ட எங்க முறையில இல்ல."

மாசாணம் அவரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். செத்தும் போகப் போக்கிடம் இல்லாமல் கிடந்தாள் சடைச்சி. அவர் வெறுங்காலோடு சாமியிடம் ஓடினார்.

நடந்ததை எல்லாம் சாமி கேட்டார். ஆய்ந்துகொண்டிருந்த கீரையை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கூட நடந்தார்.

"சாமி, அவ எந்தச் சனம்? நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் கேப்பாங்க."

சாமி நடந்துகொண்டே கேட்டார்.

"உங்க ஊர்ல வத்தம் பாத்துச் சொல்றது யாரு?"

"எங்க அம்மாதான் சாமி."

"அவங்க போய் ரொம்ப நாளாச்சே. அதுக்கப்புறம்?"

மாசாணம் பாதையிலேயே நின்றுவிட்டார்.

எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஆள் வந்து அவர் வீட்டு வாசலில்தான் நிற்கும். உள்ளேயிருந்து குரல் வரும். "இப்ப ஏத்தம். மத்தியானத்துக்கு மேல எடுங்க." அவ்வளவுதான். அம்மாவின் குரல் எப்போது நின்றது, சடைச்சியின் குரல் எப்போது தொடங்கியது என்று ஊர் கவனிக்கவில்லை. கட்டின புருஷனும் கவனிக்கவில்லை. மகள் இல்லாத அம்மா மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் மாசாணம் நேரே வலம்புரியானிடம் போனார்.

"அண்ணே, உங்க அப்பாவைத் தூக்குனப்ப வத்தம் சொன்னது யாரு?"

வலம்புரியான் யோசித்தார்.

"உன் வீட்டுலருந்துதான் சொன்னாங்க."

"என் வீட்டுல யாரு?"

வலம்புரியானுக்கு முகம் மாறியது. பாடை பின்னிக்கொண்டிருந்தவர்களின் கை நின்றது. ஒருத்தர் தன் தம்பியை நினைத்துக்கொண்டார், ஒருத்தர் தன் பிள்ளையை. அவரவர் வீட்டுச் சாவுக்கு நேரம் சொன்ன குரல் அவரவர் காதில் கேட்டிருக்க வேண்டும். பெண்கள் பக்கம் அழுகை பெரிதாக எழுந்தது.

வலம்புரியான் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"தப்பாப் பேசிட்டேன்பா. நம்ம மயானத்துலயே வைப்போம். உங்க அம்மா பக்கத்துலயே இடம் இருக்கு. வத்தம் பாத்தே எடுப்போம். எவ்வளவு நேரமானாலும் சரி."

மாசாணம் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சடைச்சியின் அண்ணன் எழுந்து, தங்கைக்குக் குழி வெட்ட மண்வெட்டி கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பாடை தயாரானது. நீர்மாலை எடுத்து வந்தார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். வெயில் உச்சிக்கு வந்தது.

"சரி, வத்தம் எப்போ?" என்றார் வலம்புரியான்.

பழைய ஆட்கள் வானத்தைப் பார்த்தார்கள். வெயில்தான் இருந்தது. அமாவாசையிலிருந்து எண்ண வேண்டும் என்றார் ஒருவர். எண்ணி என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கேள்வி வழக்கம்போல மாசாணத்திடம் வந்தது. மாசாணமும் வழக்கம்போல வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"ஏ புள்ள, வத்தம் எப்பவாம்?"

கேட்ட பிறகுதான் யாரைக் கேட்டோம் என்று உறைத்தது. மனுஷன் அப்படியே பாடையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். யாரும் தூக்கிவிட வரவில்லை.

வெயில் சாய்ந்தது. யாரும் பாடையைத் தொடவில்லை. மாசாணம் தலையைத் தூக்கிச் சாமியைப் பார்த்தார்.

"எம்புட்டு நேரம் சாமி காத்திருக்குறது? எனக்குத் தெரியலையே. நீங்களாவது சொல்லுங்க."

சாமி அவர் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தார். சடைச்சியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கணக்கைச் சொல்லிக்குடுக்க இந்தம்மா வீட்டுலதான் இருந்தாங்க. நிலா ஏறுற நேரத்துக்கெல்லாம் நீங்க எங்கிட்ட வந்துட்டீங்க. வீட்டுக்குப் போங்கன்னு நானும் ஒருநாளும் சொல்லல."