சூரியனுக்குப் பதிலா எட்டு நிமிஷம்

நான் சொல்றதுல பாதிதான் பொய். எந்தப் பாதின்னு கேட்டுறாதீங்க, அது எனக்கே சரியாத் தெரியாது. என் பேரு வேலாயுதப்பெருமாள். கோவில்பட்டியில பாத்திரக்கடை வச்சிருக்கேன். கடைக்குள்ள நான் நுழையணும்னா அண்டா ஒண்ணை எடுத்து வெளிய வச்சாத்தான் இடம் பத்தும். அந்த உடம்பைத் தூக்கிக்கிட்டுத்தான் எங்க ஊரு வானம் பார்ப்போர் சங்கத்துல உறுப்பினரா இருக்கேன். எங்க ஊரு வானம் பார்த்த பூமி. மழை வருமா வருமான்னு அண்ணாந்து பார்த்தே கழுத்து பழகிப்போச்சு. மழைதான் வரமாட்டேங்குது, நட்சத்திரத்தையாவது பார்ப்போமேன்னு ஆரம்பிச்ச சங்கம் அது.

வருஷா வருஷம் பள்ளிக்கூட மைதானத்துல நாங்க ஒரு காட்சி நடத்துவோம். சுண்ணாம்புல எட்டு வட்டம் போட்டு, ஆளுக்கொரு கிரகத்தோட பேரைக் கழுத்துல மாட்டிக்கிட்டு சுத்தி வரணும். நடுவுல ஒரு ஸ்டூல்ல மஞ்சத் துண்டைப் போர்த்திக்கிட்டு சூரியன் உக்காந்திருக்கும். போன வருஷம் கிரகங்களுக்குச் சீட்டு குலுக்கினதுல எனக்கு விழுந்தது புதன். அது சூரியனுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற கிரகம், எண்பத்தெட்டு நாள்ல ஒரு சுத்து முடிச்சிரும். கடைசியில இருக்கிற நெப்டியூனுக்கு ஒரு சுத்துக்கு நூத்தி அறுபத்தஞ்சு வருஷம். அதனால நெப்டியூனா நின்ன ஆளு வேப்பமரத்தடியில ஒரே ஒரு எட்டு வச்சிட்டு நன்னாரி சர்பத் குடிச்சுக்கிட்டு இருக்காரு, நான் நாய் துரத்துன மாதிரி ஓடிக்கிட்டு இருக்கேன். மூணாவது சுத்துல கால் தடுக்கி, பக்கத்து வட்டத்துல வெள்ளியா நடந்துக்கிட்டு இருந்த மெடிக்கல் ஷாப் ரஹ்மத்துல்லா பாய் மேல விழுந்துட்டேன். சூரியக் குடும்பத்துல ஒரு கிரகம் இன்னொரு கிரகத்து மேல விழுந்து, ரெண்டும் ஒரே ஆட்டோவுல கட்டுப் போடப் போனது அன்னைக்குத்தான்.

அதனால இந்த வருஷம் எப்படியும் சூரியன் ஆயிரணும்னு முடிவு பண்ணினேன். முடிவு பண்ணினதோட நிறுத்தியிருக்கணும். நான் எங்க நிறுத்தினேன்? வீட்டுக்குப் போயி, "இந்த வருஷம் நான்தான் சூரியன். சங்கமே கையைப் பிடிச்சுக் கெஞ்சுச்சு"ன்னு சொல்லிட்டேன். என் வீட்டுக்காரி சங்கரவடிவு அதை அவ அண்ணன்கிட்ட சொல்லிட்டா. சாத்தூர்ல இருந்து மாமனார் வீட்டு ஆளுங்க ஒரு வேன் பிடிச்சு பார்க்க வர்றாங்களாம். மச்சான் ஏற்கனவே என்னை ஏற இறங்கப் பார்க்கிற ஆளு. அவரு கண்ணு முன்னாடி நான் நாக்குத் தள்ள ஓடி, மறுபடியும் பாய் மேல விழணுமா?

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பள்ளிக்கூட வராண்டாவுல கூட்டம். போன வருஷம் நடந்த மோதலுக்கு அப்புறம் சீட்டுக் குலுக்கலை நிறுத்திட்டாங்க. யாருக்கு எது வேணுமோ அவங்க எழுந்து நின்னு தகுதியைச் சொல்லணும், மத்தவங்க குறுக்குக் கேள்வி கேக்கலாம், ஒத்துக்கிட்டா டார்ச் அடிக்கணும். நட்சத்திரம் பார்க்கையில கண்ணு கூசாம இருக்கணும்னு சிவப்புக் காகிதம் ஒட்டி வச்சிருக்கிற டார்ச். பட்டப்பகல்லயும் எங்களுக்கு ஓட்டு அதுலதான்.

நாலு வருஷமா சூரியன் யாருன்னா, ரயில்வேயில கார்டா இருந்து ரிட்டயர் ஆன ஜெபமணி. அவரு எழுந்து, "நாலு வருஷமா ஸ்டூலை விட்டு அசையாம இருந்திருக்கேன். ஒரு புகார் உண்டா?"ன்னு கேட்டுட்டு உக்காந்துட்டாரு. அவ்வளவுதான் பேச்சு. எல்லாரும் தலையை ஆட்டினாங்க.

நான் எழுந்து நின்னேன். என்ன பேசப் போறேன்னு எனக்கே தெரியாது. வாய் அதுபாட்டுக்கு ஆரம்பிச்சிருச்சு.

"ஜெபமணி ஸ்டூல்லதான் உக்காந்திருக்காரு. நான் நேராவே போயிட்டு வந்தவன்."

"எங்கே?"ன்னாரு பாய்.

"மேல."

இயற்பியல் சொல்லித்தர்ற செண்பகா டீச்சர்தான் எங்க செயலாளர். "அண்ணாச்சி, அதுக்கு முன்னாடி இந்த வருஷக் காட்சியைப் பத்தி ஒரு விஷயம்..."னு ஆரம்பிச்சாங்க. "இருங்க டீச்சர், அனுபவஸ்தன் பேசுறேன்"னு நான் விடலை. அப்பவே விட்டிருக்கலாம். அதை அப்புறம் சொல்றேன்.

"கடைக்கு ஒரு பெரிய குக்கர் வந்துச்சு. கல்யாண வீட்டுக்குப் பருப்பு வேக வைக்கிறது. சோதிச்சுப் பார்க்கலாம்னு தண்ணி ஊத்தி அடுப்புல ஏத்திட்டேன். பார்த்தா, மேல வைக்கிற வெயிட்டைக் காணோம். சரி, நம்மளவிட வெயிட்டு ஏதுன்னு நானே ஏறி உக்காந்தேன். விசில் வரலை. நான் போயிட்டேன்."

"குக்கரோடயா, தனியாவா?" ஜெபமணி கேட்டாரு.

"குக்கரோடதான். விக்கிற சரக்கை விட்டுட்டுப் போவேனா? முதல்ல நிலாவுல இறங்கினேன். கைவசம் கடைத் தராசு இருந்துச்சு, ஏறி நின்னேன். இங்க நூத்தியெட்டு கிலோ, அங்க பதினெட்டு! ஆறுல ஒரு பங்கு! சந்தோஷத்துல ஒரு குதி குதிச்சேன். போனேன், போனேன், போயிக்கிட்டே இருந்தேன். கீழ வந்து சேர்றதுக்குள்ள பசியில கண்ணு கட்டிருச்சு."

"எடைதான் குறையும் அண்ணாச்சி. நிறை அப்படியேதான் இருக்கும்"னாங்க டீச்சர்.

"என் வீட்டுலயும் இதையேதான் சொல்றா, டீச்சர்."

"நிலாவுல இருக்கிற பள்ளமெல்லாம் எரிகல் விழுந்து வந்ததுதானே?" பாய் கேட்டாரு.

"எல்லாமே எரிகல்தான் பாய். ஒண்ணே ஒண்ணு தவிர. அது நான் திரும்ப வந்து இறங்கின இடம்."

சிரிச்சாங்க. ஆனா ஒருத்தர் கையும் டார்ச் பக்கம் போகலை. எனக்கு சாத்தூர் வேன் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டினாத்தான் ஆகும்.

"அங்கிருந்து வெள்ளிக்குப் போனேன். அடுப்புக்குள்ள இறங்கின மாதிரி சூடு. கொண்டுபோன ஈயச்சொம்பு உருகி, ரசம் எது, ஈயம் எதுன்னு தெரியாம குடிச்சுத் தொலைச்சேன். அதைவிடக் கொடுமை, அங்க பொழுது போகவே மாட்டேங்குது. காலையில இட்லி சாப்பிட்டவன் ராத்திரி தோசைக்கு ரெண்டு மாசம் காத்துக் கிடந்தேன்."

"உண்மைதான். வெள்ளி அவ்வளவு மெதுவாத்தான் தன்னைத்தானே சுத்துது"ன்னாங்க டீச்சர். அவங்க ஒத்துக்கிட்டதும் எனக்குத் தலைகால் புரியலை.

"உண்மையேதான்! வெள்ளி ஒரு தடவை தன்னைச் சுத்தி முடிக்கிறதுக்குள்ள சூரியனை ஒரு சுத்து சுத்தி வந்துருது. எனக்கு அங்க ஒரு பிறந்தநாள் வந்துச்சு. வடை, பாயசம், எல்லாம் வச்சு உக்காந்தேன். வெள்ளி தன்னைத்தானே ஒரு சுத்து முடிக்கிறதுக்குள்ள அடுத்த பிறந்தநாள் வந்துருச்சு. இன்னும் ரெண்டு நாள் தங்கியிருந்தா என்னைக் கிழவனாக்கித்தான் அனுப்பியிருக்கும்."

"அப்புறம் செவ்வாயா?"

"செவ்வாயில இறங்கலை பாய். செக்கச்செவேல்னு மண்ணு, பார்த்தா அப்படியே நம்ம ஊருப் பக்கத்துச் செம்மணல் தேரிக்காடு. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்னு நேரா வியாழனுக்கு விட்டேன். அங்கதான் மாட்டிக்கிட்டேன். உடம்பு ரெண்டரை மடங்கு கனக்குது. சரி, நிப்போம்னா நிக்கத் தரையே இல்லை. எல்லாம் காத்து. அமுங்கிக்கிட்டே போறேன். பதட்டத்துல வாயில இருந்த வெத்தலையைத் துப்பிட்டேன். வியாழன்ல செக்கச்செவேல்னு ஒரு பெரிய புள்ளி இருக்கே, டெலஸ்கோப்ல பார்க்கிறோமே, மன்னிச்சுக்கோங்க, அது நான்தான்."

ஜெபமணி எழுந்துட்டாரு. "ஏன் அண்ணாச்சி, அது புயல். பூமியே உள்ள போயிரும், அம்புட்டுப் பெரிசு!"

"என் வாயோட அளவு உங்களுக்குத் தெரியாதா ஜெபமணி?"

"அதுல சந்தேகமில்லை. ஆனா அந்தப் புயல் நூறு வருஷத்துக்கு மேல இருக்கே, உங்களுக்கு என்ன வயசு?"

"அதான் வெள்ளியில ஒரே மூச்சுல ரெண்டு பிறந்தநாள் கொண்டாடினேன்னு சொன்னேனே. என் வயசுக்கணக்கு அங்கயே குழம்பிப்போச்சு."

இப்ப பாய் வயித்தைப் பிடிச்சுக்கிட்டாரு. நான் நிறுத்தலை. சனியைத் தண்ணியில போட்டா மிதக்கும்னு கேள்விப்பட்டு சோதிச்சுப் பார்க்க ஆசைப்பட்டதையும், என் கடையில அந்த அளவுக்குத் தவலை இல்லாம ஒரு வியாபாரம் கைவிட்டுப் போனதையும் சொன்னேன். அதோட வளையம் பூராவும் ஐஸ்கட்டி. அதுல கொஞ்சம் உடைச்சு சர்பத்துல போட்டுக் குடிச்சேன். வளையத்துக்கு நடுவுல இடைவெளி தெரியுதுல்ல, அதுக்கும் பொறுப்பு என்னோடதுதான்.

"இவரு போன இடமெல்லாம் சேதாரம்"னாரு ஜெபமணி. "இவரையா நடுவுல உக்கார வைக்கப் போறீங்க?"

எல்லாரும் அவரு சொன்னதுக்குத் தலையை ஆட்டிட்டாங்க. இருந்ததுலயே பெரிசை எடுத்து விட்டேன்.

"கடைசியா சூரியன்கிட்டயே போனேன். பாவம், தளர்ந்துபோயி இருந்துச்சு. 'அண்ணாச்சி, நானூத்தி அறுபது கோடி வருஷமா ஒரு காபி குடிக்கக்கூட எழுந்திரிச்சதில்லை. இடத்தைக் கொஞ்சம் பார்த்துக்கிறீங்களா?'ன்னுச்சு. நான் உக்காந்தேன். அது போயி நிதானமா எட்டு நிமிஷம் காபி குடிச்சிட்டு வந்துச்சு. பூமியில ஒரு ஆளுக்குத் தெரியலை பாருங்க! எப்படித் தெரியும்? அங்கிருந்து வெளிச்சம் இங்க வந்து சேரவே எட்டு நிமிஷத்துக்கு மேல ஆகுமே. அதுக்கு அடுத்த எட்டு நிமிஷம் உங்க மேல விழுந்தது பூரா என் வெளிச்சம். அன்னைக்குக் கோவில்பட்டியில வெயில் கொஞ்சம் கம்மியா இருந்துச்சே, ஞாபகம் இல்லையா?"

ஜெபமணி வெளிய அடிக்கிற வெயிலைத் திரும்பிப் பார்த்தாரு.

"கோவில்பட்டியில வெயில் கம்மியா இருந்துச்சா?"ன்னாரு ஜெபமணி. "இம்புட்டு நேரம் சொன்னதைக்கூட நம்பிருவேன். இது அப்பட்டமான புளுகு."

அவ்வளவுதான். சிரிப்புல ஆளாளுக்குச் சாஞ்சுட்டாங்க. பாய் கண்ணைத் துடைச்சுக்கிட்டே, "அண்ணாச்சி, சூரியன் ஒவ்வொரு நொடிக்கும் நாப்பது லட்சம் டன் குறையுது. நீங்க மூணு வருஷமா வாக்கிங் போறீங்க, ஒரு கிலோ குறைஞ்சீங்களா? இதுல எங்க பொருத்தம்?"னாரு. எனக்கு நிக்கிறதுக்கே கூச்சமாயிருச்சு. ஊரைச் சிரிக்க வச்சாச்சு, ஸ்டூல் போச்சு.

அந்த நேரம் பார்த்து வாசல்ல சங்கரவடிவு. கையில என் முட்டிக்குப் போடுற பெல்ட். வீட்டுல மறந்து வச்சிட்டு வந்திருக்கேன். ஜெபமணிக்குக் கொண்டாட்டம்.

"வாங்க மதினி! உங்க வீட்டுக்காரரு சூரியன் ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. நாங்க புதனே போதும்னு சொல்றோம். நீங்களே சொல்லுங்க, இவருக்கு என்ன தகுதி இருக்கு?"

சங்கரவடிவு என்னைப் பார்த்தா. 'சங்கமே கெஞ்சுச்சு'ன்னு சொன்னீங்களேன்னு வாயைத் திறந்து கேக்கலை. கேட்டிருந்தாக்கூடத் தேவலை. நான் தரையைப் பார்த்தேன். கூசிப்போயிட்டேன், பொய் இல்லை, இது அந்த உண்மையான பாதி.

அவ பெல்ட்டை என் கையில கொடுத்துட்டு ஜெபமணி பக்கம் திரும்பினா.

"சூரியனா இருக்கிறவரு என்ன செய்யணும் அண்ணே?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். நடுவுல உக்காந்திருக்கணும். மத்தவங்கல்லாம் சுத்துவாங்க."

"அதானா?"ன்னா. "இருபத்தஞ்சு வருஷமா வீட்டுல வேற என்ன செய்யறாரு? ஹால்ல நடுவுல ஒரு நாற்காலி. இவரு உக்காந்திருப்பாரு. காபி சுத்தும், பேப்பர் சுத்தும், துண்டு சுத்தும், நான் சுத்துவேன், எங்க மாமியாரு இருந்தவரைக்கும் அவங்களும் சுத்தினாங்க. ஒரு நாள் அசைஞ்சதில்லை. நீங்க நாலு வருஷம் ஸ்டூல்ல இருந்ததைப் பெரிசாச் சொல்றீங்களே."

ஜெபமணியே முதல்ல டார்ச்சை எடுத்து அடிச்சாரு. அடுத்து பாய். அப்புறம் வராண்டா பூரா செக்கச்செவேல்னு எரிஞ்சுச்சு. நான் நிலா, வெள்ளி, வியாழன்னு சுத்தியும் கிடைக்காத ஸ்டூலை, நான் நாற்காலியில உக்காந்திருந்ததைச் சொல்லியே வாங்கிக் கொடுத்துட்டா. வெக்கமாவும் இருந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சு. சந்தோஷம்தான் கொஞ்சம் கூட.

"அப்ப சூரியன் வேலாயுதப்பெருமாள் அண்ணாச்சி. முடிவாயிருச்சு"ன்னாங்க செண்பகா டீச்சர். "இப்பவாவது நான் பேசலாமா? இந்த வருஷம் காட்சியில ஒரு மாத்தம். சூரியன் அசையாம ஒரே இடத்துல இருக்குன்னு பிள்ளைங்க தப்பா நெனச்சுக்கிறாங்க. அதுவும் தன் குடும்பத்தையே கூட்டிக்கிட்டு பால்வீதியோட மையத்தைச் சுத்தி ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. அதனால இந்தத் தடவை ஸ்டூல் கிடையாது. பள்ளிக்கூடக் கட்டடந்தான் மையம். சூரியன் அதைச் சுத்தி ஓடணும். கிரகமெல்லாம் அவரைச் சுத்திக்கிட்டே கூட வரும்."

ஜெபமணி முகத்துல அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை. நான் வராண்டாவுல இருந்து எட்டிப் பார்த்தேன். கட்டடம் அந்தக் கோடியில தண்ணித் தொட்டி வரைக்கும் போகுது.

"எத்தனை சுத்து டீச்சர்?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு போதும் அண்ணாச்சி. நிஜச் சூரியனுக்கே ஒரு சுத்து முடிக்க இருபது கோடி வருஷத்துக்கு மேல ஆகுது. நீங்க அதுக்கு முன்னாடி வந்துருவீங்க."

சங்கரவடிவு என்னைத் தலையில இருந்து கால் வரைக்கும் ஒரு தடவை பார்த்தா.

"சந்தேகந்தான்"னா.