வானத்துக் கல்லும் கஸ்பாரும்

ஒரு ஊர்ல பூங்கோதைன்னு ஒருத்தி இருந்தா. வானத்துல வேற எந்தக் கிரகத்துலயாவது உசுரு இருக்கான்னு தேடுறதுதான் அவ வேலை. கேக்குறியா? ம்... சரி.

அவகூட வேலை பார்த்தவன் கஸ்பார். மணப்பாட்டுக்காரன். அம்மா பிரகாசிக்கு அவன் ஒரே புள்ள. ரெண்டு பேரும் பூமியோட தெக்குக் கோடிக்குப் போனாங்க. அங்க எங்க பார்த்தாலும் பனி. வானத்துலருந்து விழுற கல்லு அந்த வெள்ளையில கறுப்பாத் தெரியும்ல, அதைப் பொறுக்கத்தான் போனாங்க.

அப்புறம், தேங்கா அளவுக்கு ஒரு கல்லு கிடைச்சுது. கஸ்பார் அதை எடுத்து அவ கையில குடுத்துட்டு, சிரிச்சுக்கிட்டே பின்னால நகந்தான். மளார்! பனி பிளந்து உள்ள போயிட்டான். "கஸ்பார்! கஸ்பார்!"னு கத்துறா. காத்துதான் ஊஊஊன்னு ஊதுது. கூட வந்தவங்க கயிறு விட்டாங்க, விளக்கு விட்டாங்க, ஆள் இறங்கியும் பார்த்தாங்க. உடம்புகூடக் கிடைக்கல.

ம் கொட்டு... முழிச்சிருக்கியா?

அப்போ அவ கல்லோட மட்டும் திரும்பி வந்தா. கர்ர்ர்னு ஒரு துண்டு அறுத்துப் பார்த்தா. ஒண்ணும் இல்ல. இன்னொண்ணு அறுத்தா. அதுலயும் இல்ல. மூணாவது துண்டை மைக்ராஸ்கோப்புல வச்சா... நெளுநெளுன்னு என்னமோ நெளியுது. உசுரு!

அவ அதை உலகத்துக்கே சொல்ல, டிவியில எல்லாம் கஸ்பார் போட்டோ. "எம்புள்ள வேற உலகத்து உசுரைக் கண்டுபிடிச்சான்"னு பிரகாசி தெருவெல்லாம் மிட்டாய் குடுத்தா.

ஆனா பூங்கோதைக்கு மனசு ஒப்பல. மறுபடி மறுபடி அந்தத் துண்டைப் பார்த்தா. கல்லுல முடி மாதிரி ஒரு விரிசல். அது வழியா உருகுன பனித்தண்ணி உள்ள இறங்கியிருக்கு. அந்தக் கிருமி நம்ம பூமிக் கிருமி.

அப்போ என்ன செஞ்சா? ஊருக்குச் சொல்லுறதுக்கு முன்னாடி நேரா மணப்பாட்டுக்குப் போனா.

"அம்மா, அது வேற உலகத்து உசுரு இல்லம்மா. நாங்க தப்பாச் சொல்லிட்டோம்."

"அப்போ எம்புள்ள எதுக்கும்மா செத்தான்?"

பிரகாசியே மறுபடி கேட்டா:

"இதை நீ சொல்லாமலே இருந்திருக்கலாமே?"

"கஸ்பார் இருந்தா சொல்லியிருப்பான்மா."

பிரகாசி சுவத்துல மாட்டியிருந்த மகன் போட்டோவைப் பார்த்தா. அப்புறம், "ஆமா, சொல்லியிருப்பான்"னா. மகன் செத்த சேதி வந்தப்போகூட அழாத மனுஷி, அப்பதான் ஓன்னு அழுதா. பூங்கோதை பக்கத்துல உக்காந்து அவ கையைப் பிடிச்சுக்கிட்டா.

ம் சத்தத்தையே காணோமே... அவ்வளவுதான் கண்ணு, கதை அங்கயே நின்னுபோச்சு. நீ தூங்கு.